காய்ச்சல் விட்ட பிறகும் இரத்தத்தில் வளர்ந்த கிருமி: டயாலிசிஸ் குழாயால் கழுத்துச் சிரையில் உண்டான தொற்றுள்ள இரத்தக்கட்டி – ஒரு நிகழ்வு ஆய்வு

தற்காலிக டயாலிசிஸ் குழாய் பொருத்தப்பட்ட ஒருவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், குழாயை எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக் தொடங்குவது எல்லா மருத்துவமனைகளிலும் உள்ள வழக்கம். இரண்டொரு நாளில் காய்ச்சல் தணிந்துவிட்டால் சிகிச்சை பலித்துவிட்டது என்று நோயாளியும் குடும்பத்தாரும் மருத்துவர்களும் நம்பிவிடுகிறோம். இங்கே விவரிக்கப்படும் நோயாளிக்கு மூன்றாம் நாளே காய்ச்சல் முற்றிலும் விட்டிருந்தது. ஆயினும் அன்று எடுத்த இரத்தத்திலும், அதற்கு இரண்டு நாள் கழித்து எடுத்த இரத்தத்திலும் அதே கிருமி வளர்ந்தது. அந்த முரணைப் பின்தொடர்ந்தபோதுதான் அவருடைய வலது கழுத்துச் சிரையை அடைத்திருந்த தொற்றுள்ள இரத்தக்கட்டி தெரியவந்தது. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளியும் முன்வரலாறும்

ஐம்பது வயதைக் கடந்த விசைத்தறித் தொழிலாளி. பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் இருந்தன. மூச்சுத் திணறலோடும் கால் வீக்கத்தோடும் வேறொரு மருத்துவமனையில் அவசரமாகச் சேர்க்கப்பட்டபோதுதான் சிறுநீரகங்கள் முற்றிலும் செயலிழந்திருப்பது அவருக்குத் தெரிந்தது. அன்றிரவே வலது உள் கழுத்துச் சிரையில் இருவழித் தற்காலிகக் குழாய் ஒன்றைப் பொருத்தி டயாலிசிஸ் தொடங்கியிருக்கிறார்கள். அதன் பிறகு வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் நடந்தது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் செலவு அடங்கிவிட்டதால் ஒரு முறையும் தவறவிடவில்லை. ஆனால் கையில் ஃபிஸ்டுலா (தமனியைச் சிரையோடு இணைத்து அமைக்கும் நிரந்தர டயாலிசிஸ் வழி) போடுவதற்கான அறுவைச் சிகிச்சை இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. எங்களிடம் வந்தபோது அந்தத் தற்காலிகக் குழாய்க்கு வயது ஐந்து வாரம். இத்தகைய குழாயை இரண்டு வாரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்பதே அமெரிக்க தேசியச் சிறுநீரக அறக்கட்டளை 2019-ஆம் ஆண்டு வெளியிட்ட கே.டி.ஓ.க்யூ.ஐ. வழிகாட்டுதலின் பரிந்துரை.

டயாலிசிஸ் இல்லாத நாள்களில் அவர் தறிக்குப் போய்க்கொண்டிருந்தார். கூடத்தில் பஞ்சுத்தூசி பறக்கும், வெக்கை அதிகம். குழாய் பிறர் கண்ணில் படக்கூடாது என்று கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைப் போட்டுக்கொள்வாராம். வேர்வையில் அந்தத் துண்டும் ஈரமாகும், அதன் அடியில் இருக்கும் டிரெஸ்ஸிங்கும் ஓரங்களில் பெயர்ந்துகொள்ளும். மறுநாள் டயாலிசிஸுக்குப் போகும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார். குடும்பத்தின் வருமானம் அவர் ஒருவரையே நம்பியிருந்தது. ஓய்வெடுங்கள் என்று சொல்வது எளிது. பிளாஸ்டர் பெயர்ந்தால் அன்றே வர வேண்டும் என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லியிருக்கவில்லை.

நடந்தது என்ன

டயாலிசிஸ் தொடங்கி ஒன்றரை மணி நேரத்தில் பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம் கண்டது. காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட், இரத்த அழுத்தம் 94/60, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 122. டயாலிசிஸ் நிறுத்தப்பட்டது. டயாலிசிஸ் நடக்கும்போது நடுக்கம் வருவதற்குத் தனிப் பொருள் உண்டு: குழாயின் உட்புறத்தில் குடியிருக்கும் கிருமிகள், இரத்தம் வேகமாக ஓடத் தொடங்கியதும் கூட்டமாக உடலுக்குள் தள்ளப்படுகின்றன. குழாய் தோலுக்குள் நுழையும் இடத்தில் சிவப்போ சீழோ இல்லை. இது யாரையும் ஏமாற்றக்கூடியது. உட்புறத்தில் தொற்றிய குழாய்களில் வெளிவாய் சுத்தமாக இருப்பதுதான் பெரும்பாலும் காணப்படும் நிலை.

ஆன்டிபயாட்டிக்கின் முதல் துளி இறங்குவதற்கு முன் குழாயிலிருந்து ஒன்றும், புறங்கைச் சிரையிலிருந்து ஒன்றுமாக இரு இணை பிளட் கல்ச்சர்கள் (இரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) ஒரே நேரத்தில், ஒரே அளவில் எடுக்கப்பட்டன. முன்கைச் சிரைகளைத் தொடாமல் புறங்கையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பின்னால் ஃபிஸ்டுலா போட வேண்டிய சிரைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதே. அதன் பிறகு எடை 58 கிலோவுக்கு ஏற்ப வான்கோமைசின் 1,500 மி.கி.யும், பைப்பராசிலின்–டாசோபாக்டமும் தொடங்கப்பட்டன. அன்று மாலையே குழாய் எடுக்கப்பட்டது.

வெள்ளணுக்கள் 18,400. ஹீமோகுளோபின் 8.1 கிராம். தட்டணுக்கள் 92,000, மூன்று வாரங்களுக்கு முந்தைய அறிக்கையில் அவை 2,10,000 இருந்தன. தட்டணுக்களின் இந்தச் சரிவு பின்னால் பெரிய சிக்கலாக எழுந்தது.

குழாயிலிருந்து எடுத்த பாட்டில் 8 மணி நேரத்தில் வளர்ச்சியைக் காட்டியது. புறங்கையிலிருந்து எடுத்தது 11 மணி நேரத்துக்குப் பிறகு காட்டியது. குழாய் இரத்தம் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ முந்திக்கொண்டால் தொற்றின் ஊற்று குழாய்தான் என்று கொள்ளலாம். இரண்டிலும் வளர்ந்தது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், மெதிசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்குக் கட்டுப்படும் வகை. மூன்றாம் நாள் முதல் இரண்டு மருந்துகளும் நிறுத்தப்பட்டு, செஃபசோலின் மட்டும் கொடுக்கப்பட்டது. கட்டுப்படும் வகைக் கிருமிக்கு வான்கோமைசினைத் தொடர்வது பாதுகாப்பானது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது தவறு. இவ்வகைக் கிருமியை வான்கோமைசின் மெதுவாகவே கொல்லும். செஃபசோலின் போன்ற பீட்டா-லாக்டம் மருந்துகள் கொடுக்கப்பட்ட நோயாளிகளே மேலாகத் தேறுகிறார்கள். டயாலிசிஸ் நோயாளிக்கு இன்னொரு வசதியும் உண்டு. டயாலிசிஸ் முடிந்ததும் வாரத்தின் முதல் இரண்டு முறை 2 கிராம், நீண்ட இடைவெளிக்கு முன்னால் 3 கிராம் என்று கொடுத்தால் போதும். மருந்துக்கென்று தனியாக ஒரு சிரையைத் தேட வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் உடல் வெப்பம் சாதாரண நிலைக்கு வந்தது. பசி எடுத்தது. அன்று தொடையில் தற்காலிகக் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்து, முடிந்தவுடன் அதை எடுத்துவிட்டோம். அன்றே மறு கல்ச்சரும் அனுப்பப்பட்டது. நான்காம் நாள் காலை அவருடைய மனைவி, “காய்ச்சல் நின்னுருச்சுங்களே சார், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போலாங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பிற்பகலில் நுண்ணுயிரியல் ஆய்வகத்திலிருந்து தொலைபேசி வந்தது: மூன்றாம் நாள் பாட்டிலிலும் கொத்துக் கொத்தான கோளக் கிருமிகள்.

கழுத்தைத் திரும்பப் பார்த்தபோது

குழாய் எடுக்கப்பட்டுவிட்டது, மருந்து சரியானது, அளவும் சரியானது. அப்படியும் இரத்தத்தில் கிருமி இருக்கிறது என்றால், அது எங்கோ ஓரிடத்தில் ஒளிந்திருந்து இரத்தத்தை விடாமல் நிரப்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். இதய வால்வு, முதுகெலும்பு, மூட்டுகள், உடலுக்குள் இருக்கும் சீழ்க்கட்டி, குழாய் இருந்த சிரை ஆகியவற்றை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். முதுகுவலி இல்லை, மூட்டுகளில் வீக்கம் இல்லை, இதயத்தில் புதிய முணுமுணுப்பு ஒலியும் கேட்கவில்லை.

தடயத்தைத் தந்தவர் வார்டு செவிலியர். நோயாளி இரண்டு நாளாக இடப்பக்கம் தலையைச் சாய்த்தே படுத்திருப்பதாகவும், சாப்பிடும்போது தட்டை இடப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொள்வதாகவும் அவர் சொன்னார். கேட்டபோது, “ஊசி போட்ட இடம், வலிக்கத்தானே செய்யும்” என்று நோயாளி பெரிதுபடுத்தவில்லை. வலது கழுத்துத் தசையின் உள்விளிம்பை ஒட்டி விரல் வைத்து அழுத்தியதும் முகம் சுளித்தார். இரு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே தெரியக்கூடிய அளவில் காறையெலும்புக்கு மேலுள்ள குழி நிரம்பியிருந்தது. முகவீக்கமோ கைவீக்கமோ இல்லை.

அன்று மாலை செய்த, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில், சாதாரணமாக ஸ்கேன் கருவியை லேசாக அழுத்தினாலே சுவரோடு சுவர் ஒட்டிக்கொள்ள வேண்டிய வலது உள் கழுத்துச் சிரை அழுந்தவே இல்லை. உள்ளே சாம்பல் நிறத்தில் கட்டி நிறைந்திருந்தது. நிற ஓட்டம் ஓரத்தில்கூடத் தெரியவில்லை. சிரையின் சுவர் தடித்து, சுற்றியுள்ள கொழுப்புத் திசுவும் வீங்கியிருந்தது. கட்டி கீழே எதுவரை இறங்கியிருக்கிறது என்பதை டாப்ளரால் சொல்ல முடியாது. காறையெலும்பும் மார்பெலும்பும் மறைத்துக்கொள்வதால், மார்புக்குள் இருக்கும் சிரைகள் அதன் பார்வைக்கு எட்டுவதில்லை. ஆகவே ஐந்தாம் நாள், ஊசியில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து சிரைகளை நிரப்பும் நேரத்தில் படம்பிடிக்கும் வகையில் சி.டி. எடுக்கப்பட்டது. அந்த மருந்தால் எஞ்சியிருக்கும் கொஞ்சநஞ்ச சிறுநீரும் நின்றுபோகலாம் என்ற தயக்கம் இருந்தது; நோயாளியிடமும் மனைவியிடமும் அதை விளக்கி, ஒப்புதல் பெற்றே எடுத்தோம்.

உள் கழுத்துச் சிரையிலிருந்து தொடங்கிய கட்டி, மார்புக்குள் இருக்கும் வலது புயத்தலைச் சிரைக்குள் இறங்கி, இதயத்துக்குள் திறக்கும் மேற்பெருஞ்சிரையின் வாயில் நின்றிருந்தது. இரு நுரையீரல்களின் வெளி விளிம்பிலும் சிறு சிறு முடிச்சுகள். அவற்றில் மூன்றில் நடுப்பகுதி குழிந்து காற்று தெரிந்தது. கட்டியிலிருந்து உடைந்த தொற்றுத் துணுக்குகள் வலது இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்ததன் அடையாளம் அது. அவருக்கு இருமல் இல்லை. ஆக்சிஜன் அளவு 93 சதவீதமாகக் குறைந்திருந்ததை இரத்தசோகையின் கணக்கிலும் உடல் நீரின் கணக்கிலும் சேர்த்திருந்தோம். உணவுக்குழாய் வழி எக்கோவில் வால்வுகளில் கிருமிப் படிவு இல்லை. மேலறைகளுக்கு இடைப்பட்ட சுவரில் துளையும் இல்லை. துளை இருந்திருந்தால் துணுக்குகள் மூளைக்கும் போயிருக்கக்கூடும். ஐந்தாம் நாள் கல்ச்சரிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது.

சரியான மருந்து மூன்று நாள் முழுமையாகக் கொடுத்த பிறகும் இரத்தத்தில் கிருமி நீடித்து, குழாய் இருந்த சிரையில் கட்டி இருப்பது படத்தில் உறுதிப்பட்டு, வேறு ஊற்று காணப்படவில்லை என்றால், அது தொற்றுள்ள சிரைக்கட்டி என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2009-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வகுத்துள்ளது. இந்த நோயாளியிடம் இவை எல்லாம் பொருந்தின.

கட்டி ஏன் மருந்துக்கு மசியவில்லை

இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்களை 19-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் ஃபிர்ஹோவோடு இணைத்துப் பேசுவது வழக்கம்: ஓட்டம் தேங்குவது, சிரைச்சுவர் காயப்படுவது, உறையும் தன்மை கூடுவது. தடித்த டயாலிசிஸ் குழாய் மூன்றையும் ஒருசேரக் கொண்டுவருகிறது. சிரையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஒவ்வொரு மூச்சிலும், ஒவ்வொரு கழுத்துத் திருப்பத்திலும் சுவரோடு உராய்கிறது. சிறுநீரகச் செயலிழப்பும் சர்க்கரை நோயும் ஏற்கெனவே உடலை அழற்சி நிலையில் வைத்திருக்கின்றன. குழாய் உள்ளே போன சில நாள்களுக்குள் அதைச் சுற்றி ஃபைப்ரின் உறை ஒன்று படரத் தொடங்கிவிடும்.

மற்றக் கிருமிகளைவிட ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இந்த உறையை நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. ஃபைப்ரினோஜெனைப் பற்றிக்கொள்ளும் புரதங்கள் அதன் மேற்பரப்பில் இருக்கின்றன. அது சுரக்கும் கோயாகுலேஸ், நம் உடலின் புரோத்ராம்பினோடு சேர்ந்து, இயல்பான உறைதல் படிகளைத் தாண்டி நேரடியாக ஃபைப்ரினை உண்டாக்குகிறது. அதாவது கிருமி தனக்கான உறையைத் தானே நெய்துகொள்கிறது. கட்டியின் உள்ளே இரத்த ஓட்டம் இல்லை. வெள்ளணுக்கள் எளிதில் நுழைய முடியாது. மருந்தும் விளிம்பிலிருந்து ஊறித்தான் போக வேண்டும். உள்ளே மெதுவாகப் பெருகும் கிருமிகளை, பெருகும்போது மட்டும் தாக்கும் மருந்துகள் அரைகுறையாகவே தொடுகின்றன. குழாயை வெளியே இழுத்தாலும் உறையும் கட்டியும் சிரைக்குள்ளேயே தங்கிவிடுகின்றன. காய்ச்சல் தணிவது இரத்தத்தில் மிதக்கும் கிருமிகளின் எண்ணிக்கை குறைந்ததைத்தான் சொல்லும். கட்டிக்குள் நடப்பதைச் சொல்லாது. சர்க்கரை நோயும் சிறுநீரகச் செயலிழப்பும் உள்ளவர்களுக்குக் காய்ச்சல் எழும் திறனே மங்கியிருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹெப்பாரின் கொடுப்பதா?

எங்கள் குழுவில் மிக நீண்ட விவாதம் இதைப் பற்றியே நடந்தது. சாதாரண இரத்தக்கட்டிக்கு, ஹெப்பாரின் போன்று இரத்தம் உறைவதைத் தடுக்கும் உறைவெதிர் மருந்து தேவை என்பதில் ஐயமில்லை. தொற்றுள்ள கட்டிக்கு அதன் பயனை உறுதிப்படுத்தும் தரமான ஒப்பீட்டு ஆய்வு இல்லை. மேற்சொன்ன வழிகாட்டுதலும் ஹெப்பாரினின் இடம் தீர்வாகவில்லை என்றே சொல்கிறது. ஒரு பக்கம் கட்டி மேற்பெருஞ்சிரைக்குள் வளரும் அபாயம். மறுபக்கம் குழிவிழுந்த நுரையீரல் முடிச்சுகளிலிருந்து இரத்தம் கசியும் அபாயம்.

அதைவிட அவசரமான கேள்வி ஒன்று இருந்தது. ஐந்து வாரமாக டயாலிசிஸில் ஹெப்பாரின் பெற்றுவரும் ஒருவருக்குத் தட்டணுக்கள் பாதிக்குக் கீழே குறைந்து, புதிதாகச் சிரையில் கட்டியும் இருந்தால், ஹெப்பாரினே தட்டணுக்களைக் குறைத்துக் கட்டியையும் உண்டாக்கும் நோயை நினைக்காமல் இருக்க முடியாது. அந்த நோயில் ஹெப்பாரின் கொடுப்பது நிலைமையை மோசமாக்கும். அது வழக்கமாக ஹெப்பாரின் தொடங்கிய 5 முதல் 10 நாள்களுக்குள் வெளிப்படுவது. இவருக்கு ஐந்தாவது வாரத்தில், அதுவும் இரத்தத் தொற்றோடு சேர்ந்து குறைந்திருக்கிறது. ஆகவே வாய்ப்பு குறைவு என்று மதிப்பிட்டாலும், அந்த நோயைக் கண்டறிய உதவும், பிளேட்லெட் காரணி 4 என்ற புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் பரிசோதனையின் முடிவு வரும்வரை எல்லா ஹெப்பாரினையும், குழாயை நிரப்பி மூடும் சிறு அளவைக்கூட, நிறுத்தி வைத்தோம். ஐந்தாம் நாள் மாலை முடிவு எதிர்மறை என்று வந்தது. தட்டணுக்களும் 1,10,000-க்கு ஏறியிருந்தன. எக்கோவில் வால்வுத் தொற்று இல்லை என்பதும் உறுதியாகிவிட்டதால் அன்றிரவே ஹெப்பாரின் சொட்டு தொடங்கினோம். தோலடியில் போடும் குறைந்த மூலக்கூற்று எடை ஹெப்பாரின் சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியது என்பதால் அதைத் தவிர்த்தோம்.

பின்னர் வார்ஃபரின் என்ற உறைவெதிர் மாத்திரைக்கு மாற்றியபோது இன்னொரு சிக்கல். இரண்டாவது வாரத்தில், இரத்தம் உறைவது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு 4.1-க்கு ஏறியது. செஃபசோலின் மூலக்கூற்றின் பக்கச் சங்கிலி ஒன்று வைட்டமின் கே சார்ந்த உறைதல் காரணிகளின் உற்பத்தியில் குறுக்கிடும். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இது கூடுதலாகத் தெரியும். வார்ஃபரின் அளவைக் குறைத்து, ஒவ்வொரு டயாலிசிஸின்போதும் ஐ.என்.ஆர். பார்க்கும்படி மாற்றியதும் கட்டுக்குள் வந்தது. இந்த இரு மருந்துகளும் சேர்ந்து எழுதப்படும் இடங்களில் இதை முன்கூட்டியே எதிர்பார்ப்பது நல்லது.

அறுவைச் சிகிச்சையைப் பற்றியும் பேசப்பட்டது. கையில் வென்ஃபிளான் (மருந்து ஏற்றும் சிறு ஊசிக்குழாய்) போட்ட இடத்தில் சிரை கயிறுபோல் தடித்து, அழுத்தினால் சீழ் வரும் நிலையில், அந்தச் சிரைத்துண்டை வெட்டி எடுப்பது தெளிவான சிகிச்சை. கழுத்தின் ஆழத்திலும் மார்புக்குள்ளும் இருக்கும் சிரைகளில் அறுவைக்கு இடம் மிகக் குறைவு. சிரைக்கு வெளியே சீழ் கட்டினாலோ மருந்து முற்றிலும் தோற்றாலோ மட்டுமே அதை நினைக்க வேண்டும். இவருக்கு அது தேவைப்படவில்லை.

டயாலிசிஸ் வழி

கல்ச்சர் தெளிவதற்குள் புதிய நிரந்தரக் குழாய் வைத்தால் அதிலும் கிருமி குடியேறும். ஆகவே ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் தொடையில் குழாய் வைத்து, முடிந்ததும் எடுத்தோம். நோயாளிக்கு இது வேதனையான ஏற்பாடு. ஏழாம் நாளும் எட்டாம் நாளும் எடுத்த கல்ச்சர்களில் வளர்ச்சி இல்லை. பத்தாம் நாள் வலது தொடையில், தோலுக்கடியில் சிறிது தூரம் ஓட்டிப் பொருத்தும் நீண்டகாலக் குழாயான சுரங்கக் குழாய் பொருத்தப்பட்டது. இடது கழுத்துச் சிரை திறந்திருந்தும் அதைத் தொடாததற்குக் காரணம் உண்டு. வலப்பக்க மையச் சிரை அடைபட்ட பின் ஃபிஸ்டுலாவுக்கு இடக்கைதான் மிச்சம்; அந்தக் கையின் இரத்தம் திரும்பும் வழியில் இன்னொரு குழாயை வைத்து அதையும் கெடுத்துக்கொள்ள யாரும் விரும்பவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் காறையெலும்படிச் சிரையில் வைக்கும் குழாய்களே குறைவாகத் தொற்றுக்கும் கட்டிக்கும் உள்ளாகின்றன என்று 2015-இல் வெளியான பிரெஞ்சு ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு அது பொருந்தாது. அங்கே சிரை சுருங்கினால் அந்தக் கையின் ஃபிஸ்டுலாவே பயனற்றுப்போகும்.

தடுத்திருக்க முடியுமா

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகள், கைகழுவுதல், குழாய் வைக்கும்போது முழுத் தடுப்பாடை, குளோர்ஹெக்சிடினால் தோல் சுத்தம், கூடுமானவரை தொடைச் சிரையைத் தவிர்த்தல், தேவையற்ற குழாயை உடனே எடுத்தல் ஆகிய ஐந்தை மட்டும் விடாமல் கடைப்பிடித்தன. 2006-இல் வெளியான முடிவின்படி, 1,000 குழாய்-நாள்களுக்கு (ஒரு குழாய் ஒரு நாள் உடலில் இருப்பது ஒரு குழாய்-நாள்) 2.7 என்றிருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை விகிதம் மூன்றே மாதத்தில் பூச்சியமானது. விலை உயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. நம் டயாலிசிஸ் கூடங்களில் முதல் நான்கும் ஓரளவு நடக்கின்றன. குழாயை எடுக்கும் நாளைக் குறித்து வைப்பதுதான் நடப்பதில்லை. குழாய் வைத்த தேதி நோயாளியின் கோப்பில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும்; ஃபிஸ்டுலாவுக்கான தேதி வேறொரு துறையின் பட்டியலில் கிடக்கும்; இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இருக்காது. தற்காலிகக் குழாய் வைத்த அன்றே ஃபிஸ்டுலாவுக்கோ சுரங்கக் குழாய்க்கோ தேதி குறிக்காமல் நோயாளியை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இவருடைய ஐந்து வாரங்கள் யாருடைய தீய எண்ணத்தாலும் கழிந்தவை அல்ல. கேட்க ஆளில்லாமல் கழிந்தவை.

தொடர் கண்காணிப்பு

கல்ச்சர் தெளிந்த ஏழாம் நாளிலிருந்து கணக்கிட்டு ஆறு வாரம் செஃபசோலின் கொடுக்கப்பட்டது. முதல் ஊசியிலிருந்து நாள்களைக் கணக்கிடாமல், முதல் எதிர்மறைக் கல்ச்சரிலிருந்து கணக்கிடுவது இவ்வகைத் தொற்றுகளில் கட்டாயம். மருந்து முடிந்து ஒரு வாரம் கழித்து எடுத்த கல்ச்சரிலும் வளர்ச்சி இல்லை. நுரையீரல் முடிச்சுகள் இரண்டு தழும்புகளாகச் சுருங்கின. இரத்தம் கலந்த சளி ஒருமுறையும் வரவில்லை. நான்காவது வாரத்தில் இடக்கை முழங்கை மடிப்பில் ஃபிஸ்டுலா போடப்பட்டு, மூன்றாம் மாதத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்த வாரமே தொடைக் குழாயை எடுத்துவிட்டோம். மூன்றாம் மாத டாப்ளரில் வலது உள் கழுத்துச் சிரை ஒரு மெல்லிய இழையளவுக்கே திறந்திருந்தது. புயத்தலைச் சிரையில் ஓட்டம் திரும்பியிருந்தது. வார்ஃபரின் நிறுத்தப்பட்டது. வலது கழுத்தில் இனி எந்தக் குழாயும் வைக்கக்கூடாது என்ற குறிப்பு அவருடைய டயாலிசிஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கிறது.